பிரவுன் அட்டைக்குள் கொற்றி

கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அது உயிரியல் புத்தகம் இல்லை என்று. பிரவுன் அட்டை போட்டு, மூலையை அழகாக மடித்து, லேபிள் ஒட்டி, லேபிளில் முத்து முத்தாக 'ச. அபிநயா, உயிரியல், தொகுதி 2' என்று எழுதியிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பிள்ளை உள்ளே போனதும் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டார்கள். டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. ரெண்டு மணிக்கு ஆரம்பம், அஞ்சு மணிக்கு முடியும். கம்மலைக் கழற்று, மூக்குத்தியைக் கழற்று, கையில் கட்டியிருக்கிற கறுப்புக் கயிற்றை அறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் கழற்றிக் கழற்றி என் கையில் கொடுத்தாள். எல்லாவற்றையும் கைக்குட்டையில் வைத்து முடிந்து இடுப்பில் செருகியிருக்கிறேன், அது விலாவில் குத்திக்கொண்டே இருக்கிறது. போகும்போது "பைய மட்டும் பத்திரமா வச்சுக்கம்மா" என்றாள், முகத்தைப் பார்க்காமல். தண்ணீர் பாட்டில் எடுக்கத்தான் பையைத் திறந்தேன். புத்தகம் கண்ணில் பட்டது. ஒரு வருஷமாக என் பிள்ளை தூக்கிச் சுமந்த புத்தகம், சரஸ்வதி தாயே, இன்று ஒரு நாள் கைவிட்டுவிடாதே என்று ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு திறந்தால், முதல் பக்கத்தில் ஒரு பெண் உடும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். வாயில் கத்தி. தலைமுடி எண்ணெய் கண்டு பல வருஷம் இருக்கும். தலைப்பு 'உப்பளத்துக் கொற்றி'. உயிரியலாம், தொகுதி ரெண்டாம். உடும்பு இருக்கிறதே, அந்த வகையில் உயிரியல்தான்.

உடம்பெல்லாம் எரிந்தது. தேர்வு நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு மரக்கடை, ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. வாசலில் அடுக்கிக் கிடந்த தேக்குக் கட்டைகளின்மேல் கூரை நிழல் விழுந்த இடத்துக்குள் பெற்றவர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். கட்டை முனையில் கொதித்த வெயிலைவிட எனக்குள் கொதித்தது. இது ரெண்டாவது வருஷம். முதல் வருஷம் மார்க் வந்த அன்று அவள் அறையில் இருந்த கதைப் புத்தகங்களை எல்லாம் அள்ளி பழைய பேப்பர்காரரிடம் போட்டவள் நான்தான். ஒரு சாக்கு நிறைய. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் மனசு இறங்கியிருக்கும். "அந்தப் பச்சை அட்டை மட்டும் குடும்மா, ரெண்டு அத்தியாயம்தான் பாக்கி" என்றாள். "ரெண்டு மார்க்குன்னாலும் அங்க கூட வாங்கியிருக்கலாம்ல?" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக அப்போது நினைத்தேன். அதோடு கதை என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை, திருந்திவிட்டாள் என்று நான் கோவில்பட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் பிரவுன் அட்டை போட்டு என் கண்ணெதிரே படித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் இந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவாள். 'ஞாயித்துக்கிழமைகூட ஓய மாட்டேங்கா' என்று எதிர்வீட்டில் பீற்றியிருக்கிறேன். சத்தம் கேட்டால் கவனம் சிதறும் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி ஏறி டீ வைத்துவிட்டு வருவேன். கூறுகெட்டவள். இந்த வருஷமும் போச்சு என்றால் அவள் அப்பா என்ன சொல்வார்? அவர் ஒன்றும் சொல்லமாட்டார், மினிபஸ் ஓட்டிவிட்டு வந்து பேசாமல் கை கழுவுவார், அதுதான் பயம். கிழித்து எறிந்துவிடலாம் என்று அட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு ஓரம் கிழிந்தும்விட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களே படிச்சு பிள்ளைக்குச் சொல்லிக் குடுப்பீகளோ?" என்று கேட்டாள். புளியங்குடிப் பக்கம், வடிவு என்று பேர் சொன்னாள். மடியில் எலுமிச்சைச் சாத டப்பா, மகன் உள்ளே இருக்கிறான். லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். கண்ணில் அப்படி ஒரு மரியாதை. "ஏதோ... தெரிஞ்ச வரைக்கும்" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, பிள்ளையைச் சொல்கிறேனே. அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் கிழிக்க முடியவில்லை. படிக்கிற மாதிரி குனிந்தேன். சரி, என் பிள்ளையைக் கெடுத்த அந்த மகராசி யார் என்று பார்த்துவிடுவோம், சாயங்காலம் சண்டை போடவாவது விவரம் வேண்டாமா என்று முதல் பாராவைப் படித்தேன். கொற்றி பிறந்தபோது மருத்துவச்சியின் விரலைக் கடித்தாளாம், பல்லே இல்லாத வாயால். நல்ல பிறப்பு. அவளுடைய நாட்டில் பதினாறு வயசு ஆன பெண்கள் எல்லாம் கோட்டை வாசலுக்குப் போய்த் தங்கள் பெயரைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பெயரை அரசி ஒரு ஜாடியில் போட்டு மூடி வைத்துக்கொள்வாள். அப்புறம் அந்தப் பெண்ணை யாரும் கூப்பிட முடியாது, 'ஏ', 'இந்தா' என்பதோடு சரி. கொற்றிக்குப் பதினாறு ஆக இன்னும் நாற்பது நாள். நான் இடுப்பில் இருந்த கைக்குட்டை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் பக்கத்தைப் புரட்டினேன்.

உப்புப் பாத்தியில் நடந்து நடந்து கொற்றிக்குக் கால் வெடித்திருக்கிறது, அந்த வெடிப்பில் உப்பு ஏறி எரிகிறது, எரிய எரிய அவளுக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தால் பாட்டுப் பாடுகிறாள். பாட்டை எல்லாம் நான் தள்ளிவிட்டேன், எனக்குக் கதைதான் வேண்டும். ஒற்றைக்கண் உடும்பு ஒன்று, பனைமரம் உயரம், சாம்பல் என்று பேர். அது அவளைத் தின்ன வருகிறது. இவள் அதன் மூக்கில் குத்திவிட்டு, "என்னைத் தின்றால் உனக்குத் தாகம் எடுக்கும், நான் முழுக்க உப்பு" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்துவிட்டேன் போல, வடிவு டப்பாவை மூடிவிட்டுப் பார்த்தாள். உயிரியலில் என்ன சிரிப்பு என்று நினைத்திருப்பாள். எத்தனை வருஷம் ஆயிற்று இப்படிச் சிரித்து. புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்தால் காது அடைத்துக்கொள்ளுமே, வெளிச்சத்தம் எல்லாம் கிணற்றுக்கு மேலே இருந்து கேட்கிற மாதிரி ஆகுமே, அது எனக்கு வந்து முப்பது வருஷம் இருக்கும். கடைசியாக ஜெபராணியோடு. ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரி, பல் கொஞ்சம் எடுப்பு, சைக்கிளில் பெரிய ஆம்பிளை மாதிரி காலைத் தூக்கிப் போட்டு ஏறுவாள். அவள் வீட்டு மாடியில் குடியிருந்த தபால் ஆபீஸ்காரர் வாராவாரம் பத்திரிகை வாங்குவார். படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் ஜெபராணி கத்தரித்து, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைப்பாள். அதை நிலவரைபடப் புத்தகத்துக்குள் வைத்து, ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே மறைத்து, ரெண்டு தலையும் முட்ட முட்டப் படிப்போம். அவள் சீக்கிரம் படித்துவிடுவாள். நான் முடிக்கும்வரை பக்கத்தைப் புரட்டாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். கதையில் செங்கழனி என்று ஒரு கொள்ளைக்காரி, குதிரை திருடி. சமஸ்தானத்தில் ஒரு குதிரை மிச்சம் இருக்காது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் நாங்கள் ரெண்டு பேரும் குழாயடிக்கு நடக்கமாட்டோம், குதிரையில்தான் போவோம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாக்கை மடக்கி டக் டக் என்று குளம்புச் சத்தம் போட்டுக்கொண்டு. இப்போது நாக்கை மடக்கிப் பார்த்தேன். வருகிறது. அந்தச் சத்தம் அப்படியே வருகிறது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, நாற்பத்தேழு வயசுப் பொம்பளை தேக்குக் கட்டைமேல் உட்கார்ந்து குளம்புச் சத்தம் போட்டுக்கொண்டு.

போன் அடித்தது. அவர்தான். "உள்ள போயிட்டாளா? நீ என்ன செய்யுத?" "படிச்சுக்கிட்டு இருக்கேன்." "என்னது?" "ஒண்ணுமில்ல, வைங்க, டவர் இல்ல" என்று வைத்துவிட்டேன், கொற்றி அந்த நேரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அதிலிருந்து தப்பி அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கதையில் கொற்றியின் அம்மா வந்தாள். விளங்காதவள். பிள்ளை கோட்டைக்குக் கிளம்பப் போகிறது என்று தெரிந்ததும் அதனுடைய கத்தியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிடுகிறாள். தன் பெயரைப் பதினாறு வயசில் கொடுத்துவிட்டு வந்தவள், பெயர் இல்லாமலே குடும்பம் நடத்தினவள், 'நாங்க எல்லாம் வாழலையா' என்று கேட்கிறாள். கத்தியைத் தேடித் தேடிக் கொற்றி வீட்டைப் புரட்டிப் போடுகிறாள், அந்த அம்மா அதே பானையில் அரிசி எடுத்து உலை வைக்கிறாள், முகத்தில் ஒரு அசைவு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன். எடுத்துக் கொடேன்டி, உன் பிள்ளைதானே. அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன். அந்தப் பாராவுக்குப் பக்கத்தில் பென்சிலில், சின்ன எழுத்தில், லேபிளில் இருக்கிற அதே முத்துக் கையெழுத்தில், 'எங்க அம்மா' என்று எழுதியிருந்தது. ரெண்டு வார்த்தை. புத்தகத்தை மூடிவிட்டேன். பள்ளிக்கூடத்து மதிலைப் பார்த்தேன். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள், பச்சை, வெள்ளை, பச்சை. நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். உனக்கு மூணு மணிக்கு எழுந்து பால் காய்ச்சவில்லையா? உன் துணியைத் துவைத்து, உன் முடியைக் கோதி, சிக்கெடுத்து... பச்சை அட்டை. ரெண்டு அத்தியாயம்தான் பாக்கி. பழைய பேப்பர்காரர் தெருமுனை திரும்பியிருக்கமாட்டார், ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பார். நான் அன்று சாக்கை உதறி மடித்து வைத்தேன்.

வலித்தது, ஆனாலும் திறந்தேன். கொற்றியை அப்படியே கத்தியில்லாமல் விட்டுவிட முடியுமா? ரெண்டாம் தடவை திறந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற இடத்தில் பென்சிலில் ஒரு தேதி, பக்கத்தில் ஒரு எண். 462. 471. 468. என்ன கணக்கு இது என்று புரியவில்லை, பக்க எண்ணும் இல்லை, போன் நம்பரும் இல்லை. பதினோராம் அத்தியாயத்தின் முடிவில் 439 என்று எழுதி, பென்சில் முனை ஒடிகிற மாதிரி ரெண்டு கோடு போட்டு, 'அடுத்த வாரம் கிடையாது' என்று இருந்தது. அதற்கு அடுத்த தேதி ரெண்டு வாரம் தள்ளி. பதினாறாம் அத்தியாயத்தில் 531. ஐநூற்று முப்பத்தொன்று. அந்த எண்ணை எனக்குத் தெரியுமே. அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன். பயிற்சி வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வைக்கிற மாதிரித் தேர்வில் முதல்முறையாக ஐநூறு தாண்டினாள், முந்திரி தீர்ந்துபோய் எதிர்வீட்டில் வாங்கிப் போட்டேன். திரும்பவும் முதலில் இருந்து தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ஒரு தேர்வுக்கு ஒரு அத்தியாயம். அதற்குமேல் ஒரு வரி இல்லை. உடும்பின் வாலில் தொங்கிக்கொண்டு கொற்றி பள்ளத்தைப் பார்க்கிற இடத்தில் அத்தியாயத்தை முடிக்கிறார்கள், என் பிள்ளை அங்கே மூடிவைத்துவிட்டு ஏழு நாள் தாவரங்களும் எலும்புகளும் படித்திருக்கிறாள். நானாக இருந்தால் முடியுமா? சத்தியமாக முடியாது. இப்போதே சாப்பாட்டை மறந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு வைராக்கியம் இந்தப் பிள்ளைக்கு எங்கேயிருந்து வந்தது? கேட்டிருந்தால் நானே வாரம் ஒரு அத்தியாயம் எடுத்துக் கொடுத்திருப்பேனே. கொடுத்திருக்கமாட்டேன். பொய் சொல்லாதே, கொடுத்திருக்கமாட்டாய்.

"அக்கா, கொஞ்சம் சாதம் சாப்பிடுதீகளா? மொகமே வாடிப்போச்சே" என்று வடிவு டப்பா மூடியில் வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். "உங்க பிள்ளைக்கு மொதத் தடவையா?" "ரெண்டாவது." "எங்க பயலுக்கும் ரெண்டாவதுதான். இந்தத் தடவ கெடைக்கலன்னா எங்க வீட்டுக்காரர் எங்க ரெண்டு பேரையும் வாயத் தொறக்கவே விடமாட்டாரு. நான் என்னத்தக் கண்டேன், கெடைக்கணும்னு வேண்டுதேன், அவ்வளவுதான்" என்றாள். சோற்றை விழுங்கிவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, மீண்டும் உள்ளே போனேன். மணி நாலரை ஆகியிருந்தது. இருபத்திரெண்டாம் அத்தியாயத்தில் விடிந்தால் கொற்றிக்குப் பதினாறு. கோட்டைக்குக் கிளம்புகிறாள், வெறுங்கையோடு. வாசற்படி தாண்டும்போது அம்மா கூப்பிடுகிறாள், 'கொற்றி' என்று. பானைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அரிசியெல்லாம் தரையில் சிதற, கத்தியை எடுத்துத் துடைத்துக் கொடுக்கிறாள். அவ்வளவுதான், ஒரு வசனம் கிடையாது. நான் வேகமாக ஓரத்தைப் பார்த்தேன். பென்சில் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், எழுதி அழித்த தடமாவது இருக்குமா என்று. வெறும் ஓரம். கீழே போன ஞாயிற்றுக்கிழமையின் தேதி, 588.

பக்கத்தைப் புரட்டினால் புரளவில்லை. கடைசி அத்தியாயம் முழுவதையும் சேர்த்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடித்திருக்கிறாள், மேலே ரெண்டு, பக்கவாட்டில் மூணு. அதன்மேல் பென்சிலில் இன்றைய தேதி, 'அஞ்சு மணிக்கு அப்புறம்'. கடவுளே, இது என்ன சோதனை. கோட்டை வாசலில் நிற்கிறாளே அவள், பெயரைக் கொடுத்தாளா, ஜாடியை உடைத்தாளா, அந்த உடும்பு செத்ததா பிழைத்ததா? தாலிச் சங்கிலியில் எப்போதும் நாலு ஊக்கு கிடக்கும். ஒன்றைக் கழற்றி முனையை முதல் கம்பிக்கு அடியில் கொடுத்தேன். லேசாக நெம்பினால் போதும். படித்துவிட்டு அதே ஓட்டையில் கம்பியை அழுத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? ஜெபராணிக்குத் தெரியும் என்று ஏனோ தோன்றியது. பத்தாம் வகுப்பு முடிந்த லீவில் அவள் அப்பாவுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல், தபால் ஆபீஸ்காரர் பத்திரிகையும் அதோடு போச்சு. செங்கழனி வெள்ளம் போகிற ஆற்றங்கரையில் நிற்கிறாள், பின்னால் சிப்பாய்கள், இன்னும் ஒரே ஒரு வாரம் பாக்கி. "முடிவை அங்க வாங்கிப் படிச்சு அப்படியே எழுதுதேம்ட்டி, ஒரு எழுத்து விடமாட்டேன்" என்று சொல்லிப் போனாள், எழுதவும் செய்தாள். நீலநிற இன்லண்ட் கடிதம். ராட்சசி, வசனம் உட்பட எழுதியிருந்தாள், இடம் போதாமல் ஓரத்தில் எழுதி, மேலே எழுதி, கடைசி நாலு வரியை ஒட்டுகிற மடிப்பில் எழுதி, அதன்மேலேயே பசை தடவி ஒட்டியிருந்தாள். நான் பறந்துகொண்டு கிழித்தேன். மடிப்பு பசையோடு பிய்ந்து வந்தது. 'செங்கழனி குதிரையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு' என்பதோடு நின்றுவிட்டது. பிய்ந்த துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டேன், மை கரைந்து சட்டி முழுக்க நீலம். திருப்பி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள், அப்புறம் கல்யாணம், அப்புறம் அது, இது. முப்பது வருஷமாகச் செங்கழனி ஆற்றங்கரையிலேயே நிற்கிறாள். நான் அவசரப்பட்டுக் கிழித்ததால். ஊக்கை வெளியே எடுத்தேன். கம்பி ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் அழுத்திவிட்டேன், அழுத்தின இடம் காகிதத்தில் பள்ளமாகத் தெரிந்தது.

அஞ்சு மணிக்கு மணி அடித்தது. கட்டையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தோம், கேட்டை நோக்கி ஓடினோம், நானும் ஓடினேன், புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. பிள்ளைகள் காது மூளியாக, கழுத்து மூளியாக வந்தார்கள், எல்லாரும் ஒன்றுபோல் இருந்தார்கள், எனக்கு என் பிள்ளையை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று ஒரு கணம் பயந்தேன். சுற்றிலும் "எப்படி எழுதுன, எப்படி எழுதுன" என்று ஒரே கேள்வி. வடிவின் மகன் அவள் தோளில் சாய்ந்துகொண்டான். "அபிநயா!" என்று கத்தினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் என் கையைப் பார்த்தாள். கிழிந்த அட்டையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மார்க்கைக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள், அல்லது அறைவேன் என்று. நான் புத்தகத்தை நீட்டினேன். அவள் வாங்கினாள், என்னைப் பார்க்கவில்லை. நேரே கடைசி அத்தியாயத்துக்குப் போனாள், கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். முதல் கம்பியில் விரல் நின்றது.

"தூக்கிப் பாத்தேன்" என்றேன். "பிரிக்கல. அட்டையக் கிழிச்சதும் நாந்தான்."

"மீதிய?"

"எல்லாத்தையும் படிச்சேன். ஓரத்துல எழுதியிருந்ததையும் சேத்து."

அவள் உதடு கோணியது. எப்படி எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நீட்டினேன், கம்மல் என் உடம்புச் சூட்டில் சுட்டது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை இடுக்கிக்கொண்டு இன்னொரு கையை என் முன்னால் விரித்தாள்.

"ஊக்கு குடும்மா."

சங்கிலியில் இருந்து கழற்றிக் கொடுத்தேன். பஸ் போனால் போகட்டும், நாங்கள் திரும்பவும் தேக்குக் கட்டைமேல் போய் உட்கார்ந்தோம். அவள் அஞ்சு கம்பியையும் பொறுமையாக நெம்பி எடுத்தாள், ஒரு தாள்கூடக் கிழியவில்லை. "தலைய இந்தப் பக்கம் கொண்டாம்மா" என்றாள். முட்டிக்கொண்டோம். அவள் சீக்கிரம் படித்துவிட்டாள், நான் முடிக்கும்வரை பக்கத்தைப் புரட்டாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.